அப்டேட்டுக்குப் பிறகு காணொளி அழைப்பு நின்றுபோனால்: வழக்கு உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

(குடியிருப்பாளர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வழக்கறிஞரை அழைத்துவந்து முன்னால் நிறுத்தினால் அவர் சட்டம் பேசுவார் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். நான் இன்று மடிக்கணினியைப் பற்றிப் பேசப் போகிறேன். நேற்று வரை நன்றாக வேலை செய்த ஸூம், விண்டோஸ் அப்டேட் ஆன மறுநாள் திறந்த வேகத்திலேயே மூடிக்கொள்கிறது அல்லவா? பேசிக்கொண்டிருக்கும்போதே முகம் உறைந்து சிலையாக நிற்கிறது அல்லவா? அதைப் பற்றித்தான். சட்டமும் வரும், கொஞ்சம் பொறுங்கள்.

இது கணினிக் கடைக்காரர் பேச வேண்டிய விஷயமாயிற்றே, உரிமை பேசுகிறவர்களுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. நீதிமன்றக் கதவுகளும் மூடின. அந்த ஆண்டிலேயே 1964ஆம் ஆண்டு நீதிமன்றங்கள் சட்டத்தில் 15ஏ என்ற பிரிவும், 1948ஆம் ஆண்டு கீழ்நிலை நீதிமன்றங்கள் சட்டத்தில் 101பி என்ற பிரிவும் சேர்க்கப்பட்டு, அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. சிவில் வழக்கோ குற்றவியல் வழக்கோ, நீதியின் நலன் கருதி, நேரடிக் காணொளி போன்ற தொலைத்தொடர்பு வசதிகள் வழியாக விசாரணையை நடத்தலாம் என்கின்றன அந்தப் பிரிவுகள். கோவிட் போய்விட்டது. திரை போகவில்லை. இன்றும் பல வழக்குகளில் பல தேதிகள் திரையில்தான் நடக்கின்றன.

திரையில் தோன்றாதவர் நீதிமன்றத்துக்கு வராதவராகவே கருதப்படக்கூடும். 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளில் 35ஆவது ஆணை என்று ஒன்று உண்டு. விசாரணை நாளில் வழக்குப் போட்டவர் வரவில்லை என்றால் அவர் வழக்கைத் தள்ளுபடி செய்யலாம். எதிர்த்தரப்பு வரவில்லை என்றால் அவர் இல்லாமலே விசாரித்துத் தீர்ப்புச் சொல்லலாம். வேலைநீக்க வழக்குகளை விசாரிக்கும் தொழிலியல் நீதிமன்றமும் ஒரு தரப்பு வராமலே விசாரித்து முடிக்க, 1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டம் இடம் தருகிறது. பெரும்பாலான நீதிபதிகள் சற்று நேரம் காத்திருப்பார்கள், பேருக்கு ஆள் அனுப்பிக் கூடக் கேட்பார்கள். ஆனால் அது அவர்களுடைய பெருந்தன்மை. அதை நம்பி நாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது.

எனக்குத் தெரிந்த ஒரு பாதுகாவலர், பத்து ஆண்டுகளுக்கு மேல் ஒரே கம்பெனியில் இரவு வேலை பார்த்தவர். ஒரு நாள் கடிதம் கொடுத்து நிறுத்திவிட்டார்கள். வேலைநீக்கம் செய்யப்பட்டவர் 60 நாட்களுக்குள் முறையிட வேண்டும் என்ற விதி தெரிந்து, சரியான நேரத்தில் முறையிட்டார். அலைந்து அலைந்து வழக்கு ஒரு நிலைக்கு வந்தது. சாட்சி சொல்ல வேண்டிய நாளும் வந்தது. முந்தின இரவு மகளின் மடிக்கணினி தானாகவே அப்டேட் ஆகி, தானாகவே அணைந்து எழுந்தது. காலை 9 மணிக்கு லிங்க்கை அழுத்தினார்கள். ஸூம் திறந்தது, கேமரா விளக்கு எரிந்தது, பட்டென்று எல்லாம் மூடிக்கொண்டது. மறுபடியும் அதே. ஐந்தாவது முறை மகள் அழத் தொடங்கிவிட்டாள். அப்பாவின் சம்பள விவகாரம் இவள் கையில் உடைகிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் ஓடிவந்து, ‘கேமராவை அணைத்துவிட்டு உள்ளே போங்கள் அக்கா’ என்றான். போனார்கள், நின்றது. குரலில் பதில் சொல்லி, நிலைமையை விளக்கி, கைப்பேசியில் மாறி, அன்றைய நாள் காப்பாற்றப்பட்டது.

அந்தப் பையன் சொன்ன ஒரு வரியில் பாதி வைத்தியம் இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

காணொளி அழைப்பு என்பது ஒரு செயலி மட்டும் அல்ல. கேமரா, ஒலிவாங்கி, திரைக்குப் படம் வரையும் கிராபிக்ஸ் பகுதி, இவை ஒவ்வொன்றையும் விண்டோஸோடு பேச வைக்கும் டிரைவர் என்ற சிறு மென்பொருள்கள், இத்தனையும் ஒரே நேரத்தில் ஒத்துழைக்க வேண்டும். கணினியில் நீங்கள் செய்யும் வேறு வேலைகளில் இத்தனை பேர் ஒன்றாகக் கூடுவது குறைவு. ஒரு கடிதம் தட்டச்சு செய்ய கேமரா வேண்டியதில்லை. அதனால்தான் அப்டேட் வந்து ஏதோ ஒரு மூலையில் ஒன்று மாறினால், மற்றதெல்லாம் ஓடும், காணொளி அழைப்பு மட்டும் விழும். இது உங்கள் கைராசி இல்லாத குறை அல்ல. பழைய கணினி வாங்கிய குற்றமும் அல்ல.

2016 ஆகஸ்டில் விண்டோஸ் 10க்கு ஒரு பெரிய அப்டேட் வந்தது. ஒரே கேமராவை இரண்டு மூன்று செயலிகள் சேர்ந்து பயன்படுத்த வசதி செய்கிறோம் என்று மைக்ரோசாப்ட் கேமரா படங்கள் போகும் பாதையையே மாற்றியது. பல வெப்கேமராக்கள் படத்தைச் சுருக்கி அனுப்பும் பழக்கம் உள்ளவை. அந்தச் சுருக்கிய வடிவங்களுக்குப் புதிய பாதையில் இடமில்லாமல் போயிற்று. விளைவு, புதிதாகக் காசு கொடுத்து வாங்கிய நல்ல கேமராக்கள்கூட ஸ்கைப்பில் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு உறைந்து நின்றன. தவறு தங்கள் பக்கம் என்று மைக்ரோசாப்ட் ஒப்புக்கொண்டு பிறகு சரிசெய்தது. 2024 அக்டோபரில் விண்டோஸ் 11க்கு 24எச்2 என்ற அப்டேட் வந்தபோதும், முகத்தைக் கண்டறியும் வசதி உள்ள சில கணினிகளில் கேமராவைத் திறந்தால் செயலி அசையாமல் நிற்கிறது என்று தெரிந்து, அந்தக் கணினிகளுக்கு அப்டேட் போகாமல் அவர்களே நிறுத்திவைத்தார்கள். உலகத்திலேயே பெரிய மென்பொருள் கம்பெனிக்கே இப்படி நடக்கிறது. எனவே கடைக்காரர் உங்களைப் பார்த்து ‘நீங்கள்தான் எதையோ அழுத்தியிருக்கிறீர்கள்’ என்று சொன்னால் தலையைக் குனிய வேண்டாம்.

சரி, என்ன செய்வது? முதலில் எங்கே விழுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். செயலி திறக்கவே இல்லையா? திறந்து, கேமரா தொடங்கும்போது மூடுகிறதா? பத்து நிமிடம் ஓடிய பிறகு நிற்கிறதா? மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. கேமராவை அணைத்துக்கொண்டு அழைப்பில் சேருங்கள். அப்போது நின்றால் குற்றவாளி கேமராவோ கிராபிக்ஸோதான், செயலி அல்ல. அடுத்து, அழைப்பை விட்டு வெளியே வந்து விண்டோஸிலேயே இருக்கும் கேமரா என்ற செயலியைத் திறந்து பாருங்கள். அதிலும் முகம் தெரியவில்லை என்றால் கோளாறு டிரைவரிலோ அனுமதியிலோ இருக்கலாம். அதில் முகம் நன்றாகத் தெரிந்து ஸூம் மட்டும் விழுந்தால், ஸூமைப் பார்க்க வேண்டும்.

அனுமதி என்றேன். செட்டிங்ஸ் உள்ளே பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் கேமரா. விண்டோஸ் 10இல் வெறும் பிரைவசி என்று இருக்கும். கேமராவுக்கு ஒரு பெரிய பொத்தான், செயலிகளுக்கு ஒன்று, அதற்குக் கீழே டெஸ்க்டாப் செயலிகளுக்கென்று தனியாக ஒன்று இருக்கும். பலர் மேலே இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு, எல்லாம் திறந்துதான் இருக்கிறது என்பார்கள். ஸூம் கீழே இருக்கும் மூன்றாவது பொத்தானுக்குக் கட்டுப்பட்டது. மைக்ரோஃபோனுக்கும் இதே போல் ஒரு பக்கம் உண்டு, அதையும் பாருங்கள்.

செயலியின் முறை. ஸூம் பழைய பதிப்புகளை அவ்வப்போது கழித்துக்கட்டிவிடும். ஓராண்டாகத் திறக்காத ஸூமை விசாரணை நாளில் திறந்தால் அது முதலில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளக் கேட்கும். அதனால் அதை அழித்துவிட்டு, ஸூமின் சொந்தத் தளத்திலிருந்தே மறுபடி இறக்கிப் போடுங்கள். உள்ளே வீடியோ செட்டிங்ஸில் அட்வான்ஸ்ட் என்ற இடத்தில் ஹார்ட்வேர் ஆக்சிலரேஷன் என்று எழுதிய சதுரங்கள் இருக்கும். அவற்றில் உள்ள குறிகளை எடுத்துவிடுங்கள். பின்னணியில் கடற்கரையும் தென்னை மரமும் போடுகிறீர்களே, அதையும் எடுத்துவிடுங்கள். அந்தத் தென்னை மரத்தை உங்கள் தலைக்குப் பின்னால் நிற்க வைக்கக் கணினி படும் பாடு கொஞ்சமல்ல. பழைய மடிக்கணினிகளில் அழைப்பு விழுவதற்கு இந்த இரண்டும் அடிக்கடி காரணமாகின்றன. நீதிபதி முன்னால் கடற்கரையும் அழகல்ல.

டிரைவர் கோளாறு என்று தெரிந்தால், ஸ்டார்ட் பொத்தானில் வலது பக்கம் அழுத்தி டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். கேமராஸ் என்பதில் உங்கள் கேமராவைக் காண்பீர்கள். ப்ராப்பர்ட்டீஸ், டிரைவர், அதில் ரோல் பேக் டிரைவர் என்ற பொத்தான் அழுத்தக்கூடியதாக இருந்தால் அழுத்துங்கள். அப்டேட்டுக்கு முந்தைய டிரைவர் திரும்பி வரும். மங்கலாக இருந்தால் திரும்பிப் போக ஒன்றும் இல்லை என்று பொருள். அப்போது கணினி செய்த கம்பெனியின் தளத்தில், உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து அவர்கள் வைத்திருக்கும் டிரைவரைப் போட வேண்டும். கிராபிக்ஸுக்கும் இதுவே. மாடல் எண் கணினியைக் கவிழ்த்தால் அடியில் ஒட்டியிருக்கும்.

இதெல்லாம் செய்தும் சரியாகவில்லை என்றால் அந்த அப்டேட்டையே கழற்றலாம். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அப்டேட் ஹிஸ்டரி, அதன் அடியில் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். மாதாந்திரச் சின்ன அப்டேட் என்றால் இது போதும். விண்டோஸின் பதிப்பே மாறிய பெரிய அப்டேட் என்றால், ரிகவரி என்ற பக்கத்தில் கோ பேக் என்று இருக்கும். அதற்கு 10 நாள்தான் அவகாசம். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது, கவனியுங்கள். கணினியில் இடம் இல்லை என்று தேவையற்ற கோப்புகளை அழிக்கச் சொல்லும்போது, பழைய விண்டோஸ் பதிப்பு என்ற வரியையும் குறியிட்டு அழித்துவிட்டால் கோ பேக் போய்விடும். வீட்டைப் பெருக்கும்போது திரும்பி வரும் வழியையும் சேர்த்துப் பெருக்கித் தள்ளுவது போல. கழற்றியது கழற்றியபடியே இருக்கக் கூடாது. அப்டேட்டில் பாதுகாப்புப் பூட்டுகளும் வருகின்றன. விசாரணை முடிந்த பிறகு, கோளாறு தீர்ந்த புதிய அப்டேட்டைப் போட்டுவிடுங்கள்.

நேரம் இல்லை, காலை 8.50 ஆகிவிட்டது என்றால் இவற்றில் எதையும் தொடாதீர்கள். லிங்க்கை அழுத்தியதும் வரும் பக்கத்தில், செயலி இல்லாமல் பிரௌசரிலேயே சேரும் வழி சிறிய எழுத்தில் இருக்கும். அதில் போங்கள். கூகுள் மீட் எப்படியும் பிரௌசரில்தான் ஓடும். அதுவும் இல்லையென்றால் கைப்பேசி. கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்டாதீர்கள், இரண்டு மைலோ டின்களுக்கு நடுவில் நிறுத்திவையுங்கள். சார்ஜரைச் செருகிவிடுங்கள்.

இப்போது செய்யக் கூடாதவை. கணினி நின்றதும் பதற்றத்தில் இணையத்தில் ‘ஸூம் உதவி எண்’ என்று தேடி, முதலில் வரும் எண்ணை அழைப்பது. மறுமுனையில் மரியாதையாகப் பேசுவார்கள், ஒரு சிறு மென்பொருளை இறக்கச் சொல்வார்கள், உங்கள் திரை அவர்கள் கைக்குப் போய்விடும். பிறகு வங்கிக் கணக்கும் போகும். ஸூமோ மைக்ரோசாப்டோ உங்களைத் தாங்களாக அழைக்க மாட்டார்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அந்த நிமிடமே வங்கியையும், 2022இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணையும் அழையுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் பணம் நான்கு கணக்கு தாண்டிவிடும். எல்லா டிரைவர்களையும் ஒரே அழுத்தில் சரிசெய்கிறோம் என்று வரும் இலவச மென்பொருள்களும் வேண்டாம்.

அடுத்தது கடை. பல கடைகளில் எந்த நோய்க்கும் ஒரே மருந்துதான், ஃபார்மட். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போட்டுக் கொடுப்பார்கள். காணொளி அழைப்பு வேலை செய்யும், சந்தேகமில்லை. ஆனால் உங்கள் சம்பளச் சீட்டுகள், வேலை நியமனக் கடிதம், மேலாளர் அனுப்பிய செய்திகளின் படங்கள், ஓவர்டைம் கணக்கு எழுதிவைத்த தாள், எல்லாம் போய்விடும். வழக்கில் நம் கையில் இருக்கும் ஆயுதமே அவைதான். கம்பெனி தன் பக்கத்துக் காகிதங்களை இரும்பு அலமாரியில் வைத்திருக்கிறது. நாம் நம் காகிதங்களை இரண்டாம் கை மடிக்கணினியில் வைத்துவிட்டு, அதை 80 வெள்ளிக்கு அழிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு வருகிறோம். கடைக்குக் கொடுக்கும் முன் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் எடுத்துவையுங்கள். கணினி எழவே இல்லை என்றால், ‘அழிக்காமல் முதலில் கோப்புகளை எடுத்துத் தாருங்கள்’ என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். என்ன கோளாறு, என்ன வேலை, எவ்வளவு வெள்ளி என்பதும் ரசீதில் வர வேண்டும்.

ரசீது ஏன்? கடைக்காரர் கவனமில்லாமல் வேலை செய்து கெடுத்தால், 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மலேசிய பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 5 வெள்ளி கட்டணம். 50,000 வெள்ளி வரை கோரலாம். மூன்று ஆண்டுகளுக்குள் போக வேண்டும். அங்கே வழக்கறிஞர்கள் உங்களுக்காக வாதாட அனுமதி இல்லை. எங்கள் தொழிலுக்கு அது நட்டம், உங்களுக்கு அது சிக்கனம்.

சட்டத்துக்கு வருகிறேன். விசாரணை நாளில் கணினி விழுந்துவிட்டது. முதல் இரண்டு நிமிடத்தில் உங்கள் வழக்கறிஞரை அழையுங்கள். வழக்கறிஞர் இல்லையென்றால் நீதிமன்றப் பதிவகத்தை அழையுங்கள். அந்த எண்ணை முந்தின நாளே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் தேடினால் கிடைக்காது. அழைத்தேன், எடுக்கவில்லை என்றால் மின்னஞ்சல் அனுப்புங்கள். வழக்கு எண், பெயர், நேரம், ‘கணினி அப்டேட்டுக்குப் பிறகு செயலி மூடிக்கொள்கிறது, கைப்பேசியில் சேர முயல்கிறேன்’, இவ்வளவு போதும். மலாயில் எழுதுங்கள், இரண்டு வரிதான்.

சாட்சியம் சேகரியுங்கள். வேறொரு கைப்பேசியில் கணினித் திரையைப் படம் எடுங்கள், பிழைச் செய்தியும் மூலையில் இருக்கும் மணியும் தெரியும்படி. ஆனால் விசாரணை ஓடிக்கொண்டிருக்கும் திரையைப் படம் எடுக்காதீர்கள், பதிவு செய்யாதீர்கள். நீதிபதியின் முகம் உங்கள் வாட்ஸ்ஆப்பில் சுற்றினால் நீங்கள் நீதிமன்ற அவமதிப்புக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். பிழைச் செய்தி மட்டும்.

இன்னொரு நல்ல சாட்சி விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. தேடும் இடத்தில் ரிலையபிலிட்டி என்று தட்டினால் வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி என்று வரும். திறந்தால் ஒரு நாட்காட்டி போல் இருக்கும். எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்தச் செயலி விழுந்தது என்று சிவப்புக் குறி போட்டு அதுவே எழுதி வைத்திருக்கும். அப்டேட் ஹிஸ்டரியில் எந்த நாளில் எந்த அப்டேட் இறங்கியது என்று இருக்கும். இரண்டையும் படம் எடுத்துச் சேர்த்து வைத்தால், ‘முந்தின இரவு அப்டேட் இறங்கியது, மறுநாள் காலை 9.02க்கும் 9.05க்கும் 9.09க்கும் செயலி விழுந்தது’ என்று சத்தியப் பிரமாணத்தில் சொல்ல முடியும். ‘லைன் சரியில்லை ஐயா’ என்று வாயால் சொல்வதற்கும் இதற்கும் உள்ள தூரம் பெரியது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ‘இவர் வேண்டுமென்றே வரவில்லை’ என்று சொன்னால் அந்தச் சிவப்புக் குறிகள் பதில் சொல்லும்.

நீங்கள் இல்லாமலே தீர்ப்பாகிவிட்டால்? அந்த 35ஆவது ஆணையிலேயே மருந்தும் இருக்கிறது. தீர்ப்பை ரத்து செய்யும்படி விண்ணப்பிக்கலாம். தீர்ப்பு நாளிலிருந்து 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கடிதம் வரட்டும், பெருநாள் முடியட்டும், தம்பி வெளியூரிலிருந்து வரட்டும் என்று 14 நாள் ஓடிவிடும். தொழிலாளர் இலாகா விசாரணைக்கும் தொழிலியல் நீதிமன்றத்துக்கும் விதிகள் வேறு. எங்கே ஆனாலும் அன்றைக்கே கேளுங்கள், அன்றைக்கே எழுதிக் கொடுங்கள்.

சட்டம் என்ன சொன்னது என்று ஒரு முறை திரும்பிப் பாருங்கள். திரையில் நடத்தலாம் என்றது, நடத்தியே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. நீதியின் நலன் கருதி என்றது. பிபிஆர் பிளாட்டில் ஒரே கூடத்தில் மூன்று பிள்ளைகள், ஒரு மடிக்கணினி, கீழே மோட்டார் சைக்கிள் சத்தம், இந்த நிலையில் ஒரு தொழிலாளியைச் சாட்சி சொல்லச் சொல்வது நீதியின் நலனா என்று கேட்க உங்களுக்கு இடம் இருக்கிறது. நேரில் வந்து சாட்சி சொல்ல விரும்புகிறேன் என்று தேதிக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள், காரணத்தைச் சொல்லுங்கள். கிடைக்கும் என்று நான் உறுதி தர முடியாது. கேட்காதவருக்குக் கிடைக்காது என்பது மட்டும் உறுதி.

நம்மவர்களுக்கு இதில் இன்னொரு சுமை உண்டு. நீங்கள் தமிழில் சாட்சி சொன்னால் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருப்பார். கேள்வி மலாயிலோ ஆங்கிலத்திலோ வரும், அவர் தமிழில் சொல்வார், நீங்கள் தமிழில் பதில் சொல்வீர்கள், அவர் திருப்பிச் சொல்வார். ஒரு கேள்விக்கு நான்கு முறை ஒலி போய் வருகிறது. அதில் ஒரு இடத்தில் இரண்டு நொடி உறைந்தால் ‘நான் கையெழுத்துப் போடவில்லை’ என்பதில் ‘இல்லை’ காணாமல் போகலாம். தமிழில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். எனவே ஒலி விட்டுவிட்டு வந்தால் ஊகித்துத் தலையாட்டாதீர்கள். கையைத் தூக்கி, ‘ஐயா, கேள்வி விளங்கவில்லை, ஒலி நின்றுவிட்டது, மறுபடி கேட்கச் சொல்லுங்கள்’ என்று சொல்லுங்கள். பத்து முறை ஆனாலும் சொல்லுங்கள். நீங்கள் சொன்னதும் அது குறிப்பில் ஏறும்.

பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் 10க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் பாதுகாப்பு அப்டேட்டுகளை 2026 அக்டோபர் 13 வரை தருவதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை அதில் சேமித்தால் அதற்குப் பணம் கேட்கவில்லை. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி இடம் வேண்டும். நம் வீடுகளில் இருக்கும் பல கணினிகளில் இது இல்லை. எப்படியோ வளைத்துப் போட்டுத் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால், பிறகு டிரைவர் சண்டை வரும், அப்டேட்டும் உறுதியில்லை என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். ஸ்கைப்பைத் திறக்க முயன்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 2025 மே மாதத்தோடு அதை மூடிவிட்டார்கள்.

சொந்தக் கணினி இல்லாதவர்கள் பக்கத்தில் நாடி மையம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். முன்பு இணைய மையம் என்றும் பெடி என்றும் சொல்லப்பட்டவைதான். நாடு முழுவதும் 1,000க்கும் மேல் இருக்கின்றன. கணினியும் இணையமும் உண்டு. தனி அறை தருவார்களா என்று முன்கூட்டியே நேரில் போய்க் கேளுங்கள். பக்கத்தில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்க சாட்சி சொல்ல முடியாது.

கடைசியாகத் தேதிக் கணக்கு. மைக்ரோசாப்ட் தன் மாதாந்திர அப்டேட்டை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை விடுகிறது. அமெரிக்காவில் செவ்வாய் காலை என்றால் நமக்குப் புதன் விடியற்காலை. உங்கள் விசாரணை அந்த வாரத்தில் வந்தால், அதற்கு முந்தின வாரமே விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பாஸ் அப்டேட்ஸ் என்பதை அழுத்தி நிறுத்திவையுங்கள். ஐந்து வாரம் வரை நிறுத்தலாம். விசாரணை முடிந்த அன்று மாலையே திறந்துவிடுங்கள், மறந்துவிடாதீர்கள். மூன்று நாளுக்கு முன் கணினியை ஒரு முறை அணைத்து ஏற்றி, பிள்ளையைப் பக்கத்து அறையில் கைப்பேசியோடு உட்கார வைத்து, அரை மணி நேரம் காணொளி அழைப்பில் பேசிப் பாருங்கள். ஐந்து நிமிடம் போதாது; சில கோளாறுகள் சூடேறிய பிறகுதான் தலைகாட்டும்.

மடிக்கணினி கொண்டுவந்திருப்பவர்கள் இனிப் பின்னால் இருக்கும் நீள மேசைக்கு வாருங்கள், தம்பிகள் ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். இந்த மாதம் தேதி உள்ளவர்களுக்கு முதலிடம் கொடுங்கள். சார்ஜரையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு வாருங்கள்.